தன்ன தனா தானன்ன

போன கோடை லீவு முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பிள்ளைகள் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்து வைத்தவள் அக்கா மகள். ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "மாமா, நீங்க பாட்டு எழுதுவியல்லா, எங்களுக்கும் சொல்லித் தாங்க" என்று தெருவில் இருந்த கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் பாட்டு எழுதுகிறவன் என்பது குடும்பத்துக்குள் உலவும் ஒரு பெரிய சொல். பதினைந்து வருடம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தேன். அந்தப் பழக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாலு பாட்டு, கடைத் திறப்புக்கு இரண்டு, தேர்தல் வந்தால் ஏதாவது பிரபலமான சினிமா மெட்டில் வேட்பாளர் புகழ் பாடுவது என்று எழுதியிருக்கிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலை ஒன்றைக் கற்றுத் தந்தது: வேட்பாளர் பெயர் மெட்டில் உட்காரவில்லை என்றால் பெயரை மாற்ற முடியாது, மெட்டையும் மாற்ற முடியாது, சுற்றியிருக்கிற அத்தனை சொல்லையும்தான் நகர்த்த வேண்டும். அந்தப் பாளையங்கோட்டை வெயிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என் கையில் இருந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

முதல் நாளே நோட்டோடு வந்திருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். ஐந்து நோட்டில் நிலா. மூன்றில் சிறகு. எல்லா நோட்டிலும் கனவு. "நேத்து ராத்திரி நிலாவப் பாத்தது யாரு?" என்று கேட்டேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. நேற்று அமாவாசை என்று அக்கா மகள் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

நோட்டை மூடி ஓரமாக வைக்கச் சொன்னேன். பேனாவையும்தான்.

சினிமாவில் இசையமைப்பாளர் பாடலாசிரியருக்கு மெட்டைக் கொடுக்கும்போது சொல் இருக்காது. தானா தன்னா என்று வெறும் ஓசையாகப் பாடிக் கொடுப்பார். அதற்குத் தத்தகாரம் என்று பெயர். வயலில் நடவு நடுகிற பெண்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் ஒருத்தி தன்னானே என்று எடுத்து, மெட்டு எல்லார் வாயிலும் நின்ற பிறகுதான் சொல் வரும். திருப்புகழ்ப் பதிப்பைப் புரட்டினால் பாட்டுக்குத் தலையில் 'தத்தத்தன தத்தத் தனதன' என்று அச்சிட்டிருப்பார்கள், சந்தக்குழிப்பு. பதினைந்தாம் நூற்றாண்டுக்காரரான அருணகிரிநாதரின் பாட்டை இன்றைக்குப் படிக்கிறவனும் அதை வைத்துத்தான் நாக்கைப் பழக்கிக்கொள்கிறான். பாத்திரம் முதலில், சோறு பிறகு. இதைப் பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் பஸ்ஸில் இருந்து தொடங்கினேன்.

"கண்டக்டர் எப்படிக் கத்துவாரு?"

"ஜங்ஷன் ஜங்ஷன் ஜங்ஷன்!"

"இப்ப அதையே தன்னானேல சொல்லு."

கொஞ்சம் விழித்தார்கள். பிறகு ஒரு பொடியன் "தன்னன் தன்னன் தன்னன்" என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். வண்ணாரப்பேட்டை என்ன ஆகும்? தன்னானந்தானா. கீரைக்காரம்மா, ஐஸ் வண்டி, பள்ளிக்கூடத்து மைக்கில் வருகிற 'கவனி' எல்லாம் தன்னானே ஆனது. கடைசியில் அவரவர் பெயரை ஆக்கச் சொன்னேன். முத்துலட்சுமி என்றால் தன்னதன்னன. பெயரைச் சொல்லாமல் தன்னானேயை மட்டும் சொல்லி, அது யாருடைய பெயர் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இருட்டும் வரைக்கும் அந்த விளையாட்டு ஓடியது. அன்றைக்கு ஒரு வரி எழுதவில்லை.

கூட்டத்தில் மூத்தவள் பத்தாம் வகுப்பு. சின்ன கீபோர்டு ஒன்று வைத்திருந்தாள். யூடியூப் பார்த்து, நாலு கார்டு (சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) தெரிந்தால் எந்தப் பாட்டும் எழுதலாம் என்று கற்று வந்திருந்தாள். சி, ஜி, ஏ மைனர், எஃப். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாலை வைத்து உலகத்தில் எத்தனையோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கல்யாண மேடையில் நானே எத்தனையோ இக்கட்டை அந்த நாலை வைத்துத் தாண்டியிருக்கிறேன். ஆனால் இங்கிலீஷ்காரர்கள் சொல்லித் தருகிற கணக்கைத் தமிழுக்கு அப்படியே போட முடியாது. அவர்கள் எத்தனை அசை என்று எண்ணினால் போதும், எந்த அசையில் அழுத்தம் என்று பார்த்தால் போதும். நம் மொழியில் நீளம் மாறினால் பொருளே மாறிவிடும்.

அவள் எழுதிய வரி நல்ல வரி. 'அம்மா மடியில் தூங்கணும்.' மெட்டில் 'ம' வருகிற இடத்தில் நாலு தட்டு நீளத்துக்கு ஒரு சுரம் நின்றது. கண்ணை மூடி அவள் உருகிப் பாட, எங்களுக்குக் கேட்டது "அம்மா மாஆஆடியில் தூங்கணும்".

"மாடில எதுக்குக்கா தூங்கணும்? கொசு கடிக்கும்லா" என்றான் பொடியன்.

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அவள் முகம் சிவந்துவிட்டது. நானும் சிரித்துத் தொலைத்தேன், அது தப்பு. பிறகு உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு வழிதான். மெட்டில் அந்த நீளத்தை வெட்டலாம், இல்லையென்றால் அந்த இடத்துக்கு நெடில் இருக்கிற சொல்லைக் கொண்டுவரலாம். அவளுக்கு மெட்டை வெட்ட மனம் வரவில்லை. மடி போய் தோள் வந்தது. 'அம்மா தோளில் சாயணும்.' தோ என்று எவ்வளவு இழுத்தாலும் தோ தோதான். பாடிப் பார்த்துவிட்டு, "அய்யோ, இது முன்னாடியே எழுதின மாரி இருக்கு" என்றாள். சரியான சொல் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும்.

படம் பாடம் ஆகும், கல் கால் ஆகும், விடு வீடு ஆகும் என்று ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள். வரியின் கடைசி எழுத்துக்கு மட்டும் சலுகை உண்டு என்று சொன்னேன். கடைசிக் குறிலை நீட்டினால் காது மன்னித்துவிடும். இன்னொரு தந்திரம், உயிரில் நிற்காமல் ஒற்றில் நிற்பது. 'கண்' என்ற சொல்லில் நீளம் வேண்டுமென்றால் 'ண்' மேல் நின்று முனகலாம். நல்ல பாடகர்கள் செய்வதைக் கவனித்துக் கேளுங்கள், அது தனி சுகம்.

எதுகை மோனை வந்த அன்றைக்குத்தான் கொஞ்சம் சண்டை. இங்கிலீஷ் ரைம்ஸ் பாடி வளர்ந்த பிள்ளைகள், வரியின் வால் ஒத்தால்தான் பாட்டு என்று நினைக்கிறார்கள். வாலை ஒத்துப்போக வைப்பது தமிழில் ஒரு வேலையே இல்லை. வந்தான், போனான், நின்றான், தின்றான். வினைச்சொல்லை வரிசையாக வைத்தால் இயைபு இலவசமாக வந்துவிடும். சும்மா கிடைப்பதற்குக் காது மதிப்புக் கொடுக்காது. அதனால்தானோ என்னவோ நம் ஆட்கள் ஒலிப்பொருத்தத்தைச் சொல்லின் தலையில் கொண்டுபோய் வைத்தார்கள். முதல் எழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை. பட்டு, கட்டு, மெட்டு, சொட்டு. இதில் பாட்டைச் சேர்க்கலாமா? கூடாது. எதுகைக்கு முதல் எழுத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். மோனைக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு. ச-வுக்கு த உறவு, ம-வுக்கு வ உறவு, ந-வுக்கு ஞ உறவு. "சொந்தக்காரங்க மாரியா?" என்று கேட்டாள் அக்கா மகள். அப்படியே வைத்துக்கொள் என்றேன்.

சண்டை எதற்கென்றால், இதெல்லாம் பள்ளிக்கூடத்துச் செய்யுள் பகுதியில் வந்து மார்க்குக்காக மனப்பாடம் செய்தது. "லீவுலயும் யாப்பா?" என்று இரண்டு பேர் கிளம்பத் தயாரானார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தியது நானில்லை, அம்மாவின் உரல்.

அம்மா, பிள்ளைகளுக்கு ஆச்சி, சாயங்காலமானால் மாடிப்படி ஓரம் உட்கார்ந்து சின்ன இரும்பு உரலில் வெற்றிலை இடிப்பாள். பல் போன பிறகு வந்த பழக்கம். இரண்டு இடி, மூன்றாவதுக்கு உலக்கையைச் சுழற்றி ஒரு கிண்டல். டொக், டொக், கர்ர். டொக், டொக், கர்ர். வருடக்கணக்காகக் கேட்கிறேன், அது மூன்று என்று அன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது. தகிட, தகிட. மிருதங்கக்காரர்கள் திஸ்ரம் என்பார்கள். கிளம்பியவர்களை உட்கார வைத்து, ஆச்சியின் இடிக்கு ஏற்றபடி எதுகைச் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னேன். தாளம் தவறினால் அவுட். கடைசி வரைக்கும் அவுட் ஆகாதது ஆச்சிதான். அவளுக்கு ஒரு போட்டி நடக்கிற விஷயமே தெரியாது.

இனி அந்தப் பையன்.

ஏழாம் வகுப்பு. தெருக்கோடி வீடு, அவன் அப்பா ஆடு வளர்க்கிறவர். முதல் இரண்டு வாரமும் வாயைத் திறக்கவில்லை. பெயர் விளையாட்டில்கூட யார் பெயர் என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் இருப்பான், கண்ணைப் பார்த்தால் தெரியும். அவன் நோட்டிலும் நிலா இருந்தது. மூன்றாம் வாரம் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "இந்த வாரம் உன் வீட்டுல நடந்தது ஒண்ணு சொல்லு. நடந்தத மட்டும்." ஒருத்தி வீட்டில் மிக்சி ரிப்பேர். ஒருவன் தாத்தா செருப்பைக் கோயிலில் தொலைத்துவிட்டு அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், அது இன்னும் நல்ல செருப்பு. இவன் முறை வந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"எங்க கிடா போயிட்டு."

சுடலைமாடன் கொடை. நேர்ந்துவிட்ட கிடா. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அதைப் பாட முடியுமா?" என்றேன். எனக்கே அபத்தமாகத்தான் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, ஆனால் ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் பாடினான்.

எங்க கிடா போயிட்டு
அந்த முளை நிக்குதே

மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டது என்றான். எங்கள் பக்கம் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. வில்லில் கட்டிய மணியும் குடமும் உடுக்கையுமாக விடிய விடிய சாமி கதை ஓடும், கூட இருக்கிறவர்கள் ஆமா போட்டு வரியை வாங்கிப் பாடுவார்கள். அதைக் கேட்டே வளர்ந்த காது.

அந்த இரண்டு வரியைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு ராத்திரி ஆனது. முதல் வரியின் தத்தகாரம் 'தன்ன தனா தானன்ன'. இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரைதான். ஆனால் பாட்டில் குறிலும் ஒற்றும் சேர்ந்தால் நெடிலுக்குச் சமம் என்று எண்ணுவோம். அந்தக் கணக்கில் எங்க மூன்று, கிடா மூன்று, போயிட்டு ஐந்து. பதினொன்று. இரண்டாம் வரி, அந்த மூன்று, முளை மூன்று, நிக்குதே ஐந்து. அதுவும் பதினொன்று. மூச்சு வாங்க ஒன்று சேர்த்தால் பன்னிரண்டு, அதாவது நாலு தகிட. ஆச்சியின் உரலில் சரியாக உட்காரும். எதுகைக்கு வாருங்கள். எங்க, அந்த. இரண்டாம் எழுத்து ங், ந். ஒரே எழுத்து இல்லை, ஆனால் இரண்டும் மெல்லினம். இதற்கு இன எதுகை என்று யாப்பிலக்கணத்தில் இடம் உண்டு. இவன் எந்த இலக்கணத்தையும் கேட்டுக்கொண்டு எழுதவில்லை, காது எழுதியிருக்கிறது.

அழுதேன் என்று இல்லை, பாவம் என்று இல்லை, கண்ணீர் என்று இல்லை. ஆடு இல்லாத இடத்தில் முளைக்குச்சி நிற்கிறது. அவ்வளவுதான்.

இதற்கு அடுத்த வாரம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அவன் வரியை எல்லாருக்கும் கேட்கப் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் 'போயிட்டு' என்றால் போய்விட்டது. பஸ் போயிட்டு, கரண்டு போயிட்டு. மெட்ராஸ்காரன் கேட்டால் 'போயிட்டு... அப்புறம்?' என்று காத்திருப்பான். யாரோ முகம் தெரியாத மெட்ராஸ்காரனை நினைத்துக்கொண்டு, பையனிடம், "எங்கள் கிடா போய்விட்டதே-ன்னு மாத்திப் பாடு, எல்லாருக்கும் புரியும்" என்றேன்.

பாடினான். போய்விட்டதே ஏழு மாத்திரை. ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பேரை நெருக்கின கதை. வரிக் கடைசியில் ஓட வேண்டியிருந்தது. சரி, "போனதே" என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். அளவு பொருந்தியது. ஐந்துக்கு ஐந்து. அவன் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "சினிமால யாரோ சொல்லுத மாரி இருக்கு சார்" என்றான். நான் வாத்தியார் மிதப்பில், "அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிரும்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை.

எனக்கு உறைத்தது ஒரு ராத்திரி கழித்துத்தான். அளவு மட்டும் பொருந்தினால் போதும் என்றால் நான் எழுதிய தேர்தல் பாட்டுகளும் பாட்டுதான். 'போயிட்டு' என்பது அவன் வீட்டில், அவன் அம்மாவிடமோ அப்பாவிடமோ, அந்த வாரம் உண்மையில் வாயில் வந்த சொல். கிடா அந்தச் சொல்லில்தான் போயிருக்கிறது. பாரதியார் 1912-இல் பாஞ்சாலி சபதத்துக்கு எழுதிய முன்னுரையில் எளிய சொல், எளிய நடை, சுலபமாகப் பிடிபடும் சந்தம், ஜனங்களுக்குப் பிடித்த மெட்டு இதெல்லாம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நொண்டிச் சிந்து, கிளிக்கண்ணி போன்ற ஜனங்களின் மெட்டுகளை எடுத்தாண்டவர். எட்டயபுரம் எங்களுக்குத் தூரமில்லை. மேடையில் அதைப் பற்றி நான் பேசியும் இருக்கிறேன், துண்டெல்லாம் போட்டுக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்கோடிக்குப் போனேன். அவன் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தான். முளை அங்கேதான் நின்றது, அதில் வேறு எதையும் கட்டியிருக்கவில்லை. "போயிட்டுதான்லே சரி. நான் சொன்னது தப்பு" என்றேன். பெரியவர்கள் இப்படிச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது. தழையைப் பார்த்துக்கொண்டே, "சரி சார்" என்றான்.

கடைசிச் சனிக்கிழமை வந்தான். அன்றைக்கு ஒவ்வொருவரும் தங்கள் பாட்டைப் பாட வேண்டும். செருப்புப் பாட்டுக்குத்தான் அமோக வரவேற்பு, அதன் பல்லவியை இப்போதும் தெருப் பிள்ளைகள் பாடுகிறார்கள். தோளில் சாய்கிற பாட்டைப் பத்தாம் வகுப்புக்காரி ஒரு தடவைகூடத் தடுமாறாமல் வாசித்துப் பாடினாள். பல்லவியில் சொன்னதையே சரணத்திலும் சொல்லிக்கொண்டிருந்தாள், அது எல்லாரும் செய்வது. பல்லவி திரும்பி வரும்போது முன்பு கேட்ட மாதிரி கேட்கக்கூடாது, நடுவில் ஏதாவது புதிதாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்.

இவன் முறை வந்தபோது ஆச்சி இடித்துக்கொண்டிருந்தாள். பல்லவியை இரண்டு தடவை பாடினான். உரல் நின்றது.

"ஏலே, கிடாக்குப் பேரு என்ன?" என்று கேட்டாள் ஆச்சி.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஆச்சியிடம், "நேந்துவிட்டதுக்குப் பேரு வைக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாவ" என்றான்.

"ஆமா, வைக்கக் கூடாதுதான். அப்புறம் விட மனசு வராதுல்லா" என்றாள் ஆச்சி.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். மற்ற பிள்ளைகளும் பேசவில்லை, பொடியன்கூட. பிறகு அதே மெட்டைக் கொஞ்சம் மேலே எடுத்து, எழுதி வைக்காததைப் பாடினான்.

நேந்துவிட்ட குட்டிக்கு
பேரு வைக்க கூடாது
நானு வச்ச பேருதான்
தன்ன தனா தானன்ன

நாலாவது வரிக்குச் சொல் வரவில்லை, தத்தகாரத்தை வைத்து ஓட்டுகிறான் என்று நினைத்தேன். "பரவால்ல, மெட்டு நல்லாருக்கு. அந்த எடத்துல பேரைப் போட்டு முடிச்சிரு" என்றேன்.

"இல்ல சார். அது அப்படியே இருக்கட்டும்."

அம்மா உலக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. பெயர் விளையாட்டில் எல்லாரையும் ஜெயித்தவள். எல்லாரும் எழுந்து கிளம்பியபோது அவன் பின்னாலேயே போய், தனக்குத் தெரிந்த ஆட்டுப் பெயர், மாட்டுப் பெயர், நாய்ப் பெயர் எல்லாவற்றையும் அந்தத் தன்னானேயில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினான்.